என்ஜின் கம்பெனி மூடியாச்சு, ஸ்னோ ப்ளோயரை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் பனி மாநிலங்களிலும் கனடாவிலும் வீடு வாங்கி, டிரைவ்வேயைத் தாங்களே சுத்தம் செய்யும் நம் ஆட்களுக்காக எழுதியது. நவம்பர் பிறந்தால் போதும், பழைய ஸ்னோ ப்ளோயர் (பனியை வாரி வீசும் மெஷின்) ஒன்றின் படத்தை அனுப்பி "இதை வாங்கலாமா?" என்று யாராவது கேட்பார்கள். பாதிப் படங்களில் இருப்பது டெகும்சே என்ஜின். அதைச் செய்த கம்பெனி இப்போது அந்தத் தொழிலில் இல்லை.

டெகும்சே என்ஜின் போட்ட ஏரியன்ஸ் கம்பெனி ஸ்னோ ப்ளோயர் ஒன்று மலிவாக வருகிறது. கம்பெனியே இல்லாத என்ஜினை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். மெஷினின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும், விலை அந்த வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், என்ஜின் போனால் வேறு என்ஜினை மாட்ட வழி இருக்க வேண்டும். இந்த மூன்றில் கடைசியைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கையைக் கடிப்பதும் அதுதான்.

டெகும்சேக்கு என்னதான் ஆயிற்று?

மிச்சிகனில் டெகும்சே என்ற ஊரில் 1930களில் தொடங்கிய கம்பெனி. அதன் முதன்மைத் தொழில் ஃபிரிட்ஜ், ஏசிக்கான கம்ப்ரஸர். இந்தியாவில் ஏசி மெக்கானிக் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். 1950களின் நடுவில் விஸ்கான்சினில் நியூ ஹோல்ஸ்டைன், கிராஃப்டன் ஆகிய ஊர்களில் இருந்த இரண்டு சின்ன என்ஜின் கம்பெனிகளை வாங்கியது. அங்கிருந்துதான் 'ஸ்னோ கிங்' வரிசை வந்தது. பல பத்தாண்டுகளுக்கு ஏரியன்ஸ், டோரோ, கிராஃப்ட்ஸ்மேன், எம்டிடி என்று எந்தப் பெயரில் ஸ்னோ ப்ளோயர் வாங்கினாலும், மூடியைத் திறந்தால் உள்ளே டெகும்சே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

2000களில் நிலைமை மாறியது. சீனாவிலிருந்து மலிவான என்ஜின்கள் வந்து குவிந்தன. புகைக் கட்டுப்பாடு விதிகள் இறுகிக்கொண்டே வந்ததால் பழைய ஃபிளாட்ஹெட் (வால்வுகள் மேலே இல்லாமல் பிஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும்) வடிவமைப்பை வைத்துக் காலம் தள்ள முடியவில்லை. செலவைக் குறைக்க பிரேசிலின் குரிடிபா நகரில் கட்டிய ஆலையும் 2007இல் நொடித்துப்போனது. அதே ஆண்டு நவம்பரில் என்ஜின் பிரிவு முழுவதையும் பிளாட்டினம் ஈக்விட்டி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 5 கோடியே 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஓராண்டுதான் ஓடியது. 2008 டிசம்பரில், பனிக்காலம் உச்சத்தில் இருக்கும்போது, என்ஜின் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது.

கம்ப்ரஸர் கம்பெனி இதில் சேராது. அது தனியாகப் பிழைத்துக்கொண்டது. ஆகையால் "டெகும்சே இன்னும் இருக்கே" என்று விற்பவர் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டினால், அது ஃபிரிட்ஜ்காரர்களுக்கான பக்கம். உங்கள் என்ஜினுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது.

அப்படியானால் உதிரிபாகம் கிடைக்கவே கிடைக்காதா?

கிடைக்கும், தாராளமாக. 2009இல் விஸ்கான்சினைச் சேர்ந்த செர்டிஃபைட் பார்ட்ஸ் கார்ப்பரேஷன் டெகும்சே என்ஜின் தொழிலின் சொத்துக்களை வாங்கி, பாகங்களை விற்கத் தொடங்கியது. அதைவிடப் பெரிய ஆறுதல், இந்த என்ஜின்கள் லட்சக்கணக்கில் கராஜ்களில் உட்கார்ந்திருப்பது. ஓடும் மெஷின் இருக்கும்வரை பாகம் செய்து விற்க ஆளும் இருப்பார்கள். கார்புரேட்டர், அதன் கேஸ்கெட் செட், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணும் ரீகாயில் ஸ்டார்ட்டர், மஃப்ளர், பெட்ரோல் குழாய், சுவரில் செருகி ஸ்டார்ட் பண்ணும் 120 வோல்ட் மோட்டார் எல்லாவற்றுக்கும் நகல் பாகம் வந்துவிட்டது. ஃபிளாட்ஹெட்டுக்குப் பொதுவாகப் போடும் சாம்பியன் ஆர்ஜே19எல்எம் பிளக் எந்த ஹார்டுவேர் கடையிலும் தொங்குகிறது.

நகல் கார்புரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அசலின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். சில நேரம் பிரமாதமாக ஓடும், சில நேரம் முதல் நாளே பெட்ரோல் ஒழுகும். பழைய அசல் கார்புரேட்டரைத் தூக்கி எறியாதீர்கள். கழுவி, கேஸ்கெட் மாற்றினால் பெரும்பாலும் அதுவே போதும்.

தட்டுப்பாடு வருவது என்ஜினின் வயிற்றுக்குள்: கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், பிளாக். ஆனால் அவை உடைந்தால், கம்பெனி உயிரோடு இருந்தாலும் யாரும் பிரித்து மாற்றப்போவதில்லை. கூலியே என்ஜின் விலையைத் தாண்டிவிடும்.

என் என்ஜின் எந்த மாடல், எந்த வருஷத்தியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்ஜினின் மேல் தகட்டில், ரீகாயில் கைப்பிடிக்குப் பக்கத்தில் எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மறைத்திருந்தால் துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எச்எம்எஸ்கே80 என்று இருந்தால், எச் படுக்கை ஷாஃப்ட், எம் நடுத்தர அளவு, எஸ்கே ஸ்னோ கிங், 80 என்பது 8 குதிரைத்திறன். எச்எஸ்எஸ்கே50 அதன் தம்பி, 5 குதிரைத்திறன். ஓஎச் என்று தொடங்கினால் வால்வுகள் மேலே உள்ள புதிய வகை.

அடுத்து வரும் நீண்ட எண்தான் பாகம் வாங்கும்போது கேட்கப்படும் ஸ்பெக் எண். குறித்துக்கொள்ளுங்கள், வெறும் மாடல் பெயரை வைத்து வாங்கினால் தப்பான கார்புரேட்டர் வரும். கடைசியில் டிஓஎம் (செய்த தேதி) என்று ஓர் எண் இருக்கும். அதில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5287 என்றால் ஐந்தில் முடியும் ஏதோ ஓர் ஆண்டின் 287ஆம் நாள், அதாவது அக்டோபர் 14. அது 1995ஆ 2005ஆ என்பதை மெஷினின் சீரியல் எண்ணையும் பெயிண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "2011 மாடல் டெகும்சே" என்று விளம்பரத்தில் இருந்தால், விற்பவருக்கு விஷயம் தெரியவில்லை அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

நேரில் பார்க்கப் போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

போனதும் முதல் வேலையாக என்ஜின் மேல் கை வையுங்கள். ஜில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். குளிரில் ஸ்டார்ட் ஆவதுதானே இந்த மெஷினின் பிழைப்பு? "ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி அரை மணி நேரம் கழித்துப் போங்கள்.

ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்து, முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டர் ஊசி சரியாக மூடாமல், பெட்ரோல் கீழே இறங்கியிருக்கிறது. அதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த ஆயிலோடு எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்பதுதான் கேள்வி. இந்த ஃபிளாட்ஹெட் என்ஜின்கள் ஆயில் குறைந்தாலோ, அளவு மீறிச் சுற்றினாலோ கனெக்டிங் ராடை உடைத்து பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொள்ளும். அப்படி உடைந்தால் ஒட்டுப்போட வழியில்லை.

சோக்கை முழுக்க மூடி, பெட்ரோலை உள்ளே தள்ளும் பிரைமர் பொத்தானை இரண்டு மூன்று முறை அழுத்தி, கயிற்றை நீங்களே இழுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பரவாயில்லை. நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சோக் பாதி மூடியிருந்தால்தான் ஓடுகிறது, திறந்தால் அணைகிறது என்றால் கார்புரேட்டரில் அழுக்கு. அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். 'டொக் டொக்' என்று உள்ளிருந்து உலோகச் சத்தம் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

என்ஜினை அணைத்து, பிளக் ஒயரைக் கழற்றிய பிறகு முன்பக்கம் வாருங்கள். என்னைக் கேட்டால் நேரத்தில் பாதியை இங்கே செலவழிக்க வேண்டும். பனியை வாரும் ஆகர் இரண்டும் நடுத்தண்டோடு ஷியர் பின்னால் இணைக்கப்பட்டிருக்கும். கல்லோ, சுருட்டிய செய்தித்தாளோ சிக்கினால் அந்த மெல்லிய பின் உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். பின்னுக்குப் பதிலாகக் கடினமான போல்ட்டை முறுக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அடி முழுவதும் கியர்பாக்ஸுக்குப் போயிருக்கும். பின்னைக் கழற்றினால் ஆகர் தண்டின் மேல் தனியாகச் சுற்ற வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால், பின் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான்.

டேங்க் ஏறக்குறைய காலியாக இருந்தால் மெஷினை முன்பக்கம் சாய்த்து, அடித்தகட்டைத் திறந்து, உள்ளே ரப்பர் பூசிய உராய்வுச் சக்கரத்தைப் பாருங்கள். மெஷினை நகர்த்துவது அதுதான். ரப்பர் தேய்ந்திருந்தால் பெரிய செலவில்லை. அந்தக் கூட்டுக்குள் உப்புத் துரு பிடித்து தகடு உதிர்கிறது என்றால் மட்டும் பயப்படுங்கள்.

என்ன விலை கொடுக்கலாம்?

ஊருக்கு ஊர், வாரத்துக்கு வாரம் மாறும். முதல் பெரிய பனி விழுந்த மறுநாள் கிஜிஜியிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் இருக்கும் விலை பைத்தியக்கார விலை. ஏப்ரலில் அதே மெஷின் பாதிக்கு வரும். நான் கணக்குப் போடும் முறை இது: அந்த என்ஜின் நாளையே செத்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்று என்ஜினின் விலையையும் கேட்கும் விலையையும் கூட்டினால், அதே அகலமுள்ள புது மெஷினின் விலையில் பாதிக்குள் வர வேண்டும். தாண்டினால் விடுங்கள்.

என்ஜின் செத்தால் வேறு என்ஜின் போட முடியுமா?

பெரும்பாலான மெஷின்களில் முடியும். ஹார்பர் ஃபிரைட் கடையின் பிரிடேட்டர், கனடாவில் பிரின்சஸ் ஆட்டோ மாதிரிக் கடைகளில் கிடைக்கும் அதே வகை என்ஜின்கள், எல்லாமே ஹோண்டா வடிவமைப்பைப் பார்த்துச் செய்தவை, மலிவு. ஆனால் வாங்கும் முன் அளவுகோலை எடுங்கள்.

முதலில் ஷாஃப்டின் குறுக்களவு. பிரபலமான 212 சிசி என்ஜினில் அது முக்கால் அங்குலம். பழைய ஏரியன்ஸ் உட்பட பல பெரிய மெஷின்களின் டெகும்சேயில் ஒரு அங்குலம். பழைய புல்லி புது ஷாஃப்டில் உட்காராது. ஒரு அங்குலம் வேண்டுமென்றால் 301 அல்லது 420 சிசிக்குப் போகலாம், அல்லது முக்கால் அங்குலத்துக்கான புல்லி வாங்கலாம். அடுத்து ஷாஃப்டின் நீளமும், அடித்தளத்திலிருந்து அதன் உயரமும். இவை மாறினால் பெல்ட்டின் நீளம் மாறும்.

அடுத்தது, கடையில் யாரும் சொல்லாத விஷயம். ஸ்னோ என்ஜினில் ஏர் ஃபில்டர் கிடையாது. பனித்தூள் ஃபில்டரில் ஒட்டி உறைந்து மூச்சை அடைத்துவிடும் என்பதால்தான். அதற்குப் பதிலாக கார்புரேட்டரைச் சுற்றி ஒரு தகட்டுப் பெட்டி இருக்கும். மஃப்ளரின் வெப்பம் அதற்குள் வந்து கார்புரேட்டர் உறையாமல் பார்த்துக்கொள்ளும். பொதுப் பயன்பாட்டு என்ஜினில் இந்த ஏற்பாடு இல்லை. ஃபில்டரைக் கழற்றி, சின்னத் தகட்டுக் கூடு ஒன்று செய்து மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஈரப்பனி நாளில், டிரைவ்வே நடுவில், காரணமே தெரியாமல் நின்றுவிடும்.

குதிரைத்திறன் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அந்த எண்ணைக் கூட்டிச் சொல்கிறார்கள் என்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, பெரிய கம்பெனிகள் எல்லாம் சமரசத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு ஸ்டிக்கர்களில் சிசி வந்துவிட்டது. பழைய 8 குதிரை டெகும்சே 318 சிசி. அதன் இடத்தில் 212ஐ வைத்தால் லேசான பனிக்கு ஓடும். தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி டிரைவ்வே வாசலில் தள்ளிவிட்டுப் போகும் கெட்டியான குவியலில் திணறும்.

அப்படியானால் எதைத்தான் வாங்கக் கூடாது?

இரட்டை ஷாஃப்ட் உள்ளதை. சில பழைய டோரோ, கிராஃப்ட்ஸ்மேன், எம்டிடி மெஷின்களில் என்ஜினிலிருந்து இரண்டு தண்டுகள் வெளியே வரும்: ஒன்று கிராங்க் ஷாஃப்ட், இன்னொன்று கேம் ஷாஃப்டின் நீட்சி. ஒன்று ஆகரைச் சுற்றும். மற்றது மெதுவாக, எதிர்த்திசையில் சுற்றி சக்கரத்தை ஓட்டும். இந்த மாதிரி என்ஜினை இன்று கடையில் வாங்க முடியாது. சாதா என்ஜினைப் போட்டால் மெஷின் பனியை வீசும், ஆனால் நகராது. பெல்ட் மூடியைக் கழற்றினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். ஓடுகிற நிலையில் அடிமாட்டு விலைக்கு வந்தால் வாங்கி, ஓடும்வரை ஓட்டலாம். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

சின்ன சிங்கிள் ஸ்டேஜ் (ஆகரே பனியை வாரி வீசும்) மெஷின்களில் வந்த டெகும்சே டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள் வேறு ரகம். எடை குறைவு, கோபக்கார என்ஜின், நன்றாகவே ஓடும். ஆனால் பெட்ரோலில் ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும். முந்தைய சொந்தக்காரர் கலந்தாரா என்பதற்கு அவர் வாய்வார்த்தைதான் சாட்சி.

பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனும் திவாலாகிவிட்டதாமே? அந்த என்ஜினுள்ள புது மெஷினை வாங்கலாமா?

டெகும்சே கதையும் இதுவும் ஒன்றல்ல. 1908இல் மில்வாக்கியில் தொடங்கிய பிரிக்ஸ், 2020 ஜூலை 20 அன்று அமெரிக்கத் திவால் சட்டத்தின் 'சாப்டர் 11' பிரிவில் மனு போட்டது. கடையை இழுத்து மூட 'சாப்டர் 7'. கடனைச் சீரமைக்க, அல்லது ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை வேறு ஆளிடம் கைமாற்ற 'சாப்டர் 11'. சில வாரங்களில் கேபிஎஸ் கேப்பிட்டல் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 55 கோடி டாலருக்கு வாங்கியது, உற்பத்தி தொடர்ந்தது. பங்குதாரர்களுக்குத்தான் நாமம். பாகம் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. வாங்குங்கள்.

முதலீட்டு நிறுவனம் வாங்கினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. டெகும்சேயை வாங்கி ஓராண்டில் மூடிய அதே பிளாட்டினம் ஈக்விட்டிதான் 2024இல் கோலர் குழுமத்தின் எனர்ஜி பிரிவில் பெரும்பங்கை வாங்கியது. கோலர் என்ஜின்களும் அதில் அடக்கம். கம்பெனியின் பெயர் இப்போது ரேல்கோ. இதை வைத்து ஜோசியம் சொல்ல மாட்டேன்.

தொழிலை விட்டு வெளியேறியவர்கள் வேறு யாராவது உண்டா?

சுபாரு. கார் கம்பெனியேதான். ராபின், சுபாரு பெயர்களில் நல்ல சிறிய என்ஜின்கள் செய்தார்கள். ஏரியன்ஸ் சில மாடல்களில் வந்தன. 2017 செப்டம்பரோடு அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். இங்கே யாரும் திவாலாகவில்லை, காரில் கவனம் செலுத்த விரும்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் டெகும்சே அளவுக்குத் தெருவுக்குத் தெரு இல்லாததால், நகல் பாகத்தை நம்பி வாங்க மாட்டேன்.

புது மெஷினில் என்ஜின் யாருடையது என்றே போடவில்லை. மெஷின் கம்பெனியின் பெயர்தான் ஒட்டியிருக்கிறது.

டெகும்சே போன பிறகு வந்த பழக்கம் இது. டோரோ என்ஜின் என்று இருப்பது சீனாவின் லோன்சின் செய்ததாக இருக்கும். ஏரியன்ஸின் ஏஎக்ஸ் வரிசை லிக்விட் கம்பஸ்சன் டெக்னாலஜி (LCT) என்ற கம்பெனியிலிருந்து வந்தது. தரத்தில் குறையில்லை. பாகம் மட்டும் மெஷின் கம்பெனி வழியாகவே வாங்கியாக வேண்டும். டோரோ, ஏரியன்ஸ் என்றால் டீலர் இருக்கிறார், கவலை இல்லை. இணையத்தில் மட்டும் விற்கிற, நேற்று முளைத்த பெயர் என்றால் யோசியுங்கள். செத்துப்போன டெகும்சேக்குக் கிடைக்கும் கார்புரேட்டர், உயிரோடு இருக்கும் அந்தக் கம்பெனி என்ஜினுக்கு ஐந்து வருஷம் கழித்துக் கிடைக்காமல் போகலாம்.

வாரண்டி?

பழைய மெஷினுக்கு அந்தப் பேச்சே இல்லை. புதியதில், மெஷினுக்கு ஒருவரும் என்ஜினுக்கு வேறொருவரும் தனித்தனியாகத் தரும் வழக்கம் உண்டு. வாங்கும்போதே என்ஜின் வாரண்டி யார் பெயரில் என்று கேளுங்கள். திவாலான கம்பெனியின் சொத்தை வாங்குபவர் பழைய பொறுப்புகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. எதை ஏற்கிறார் என்பது விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கும். மெஷின் கம்பெனியே இரண்டுக்கும் பொறுப்பேற்றால் உங்களுக்கு நல்லது.

என்ஜின் கம்பெனி இருக்கிறது, மெஷின் கம்பெனி போய்விட்டது. அப்போது?

எனக்கு அதுதான் அதிக பயம். மரி என்ற அமெரிக்கக் கம்பெனி 2004இல் திவால் மனு போட்டது. அடுத்த ஆண்டு பிரிக்ஸ் அதை வாங்கியதால் பாகங்கள் தொடர்ந்து வந்தன; எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. என்ஜினை எந்தக் கடையிலும் வாங்கி மாட்டலாம். ஆகர் கியர்பாக்ஸும், பனியை வெளியே வீசும் விசிறியான இம்பெல்லரும் அந்த மாடலுக்கென்றே வார்த்தவை. காயலான் கடையில் அதே மாடல் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

வாங்கியாச்சு. பழைய என்ஜினை நீண்ட நாள் ஓட்ட என்ன செய்ய வேண்டும்?

முதல் வருஷம் ஆயிலை மாற்றிவிட்டு 5டபிள்யூ-30 ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் பண்ணும் முன் ஆயில் குச்சியைப் பாருங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தால் அதையே ஊற்றுங்கள், கிடைக்காவிட்டால் பெட்ரோல் கெடாமல் இருக்க ஸ்டெபிலைசர் கலந்துகொள்ளுங்கள். மார்ச்சில் கடைசிப் பனி போனதும் டேங்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து தானாக அணையும்வரை ஓட்டுங்கள். நவம்பரில் வரும் "ஸ்டார்ட் ஆகவில்லை" புகார்களில் பெரும்பகுதி கோடை முழுக்கக் கார்புரேட்டருக்குள் காய்ந்து கோந்தாகிப்போன பெட்ரோல்தான்.

என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைத் தொடாதீர்கள். நிமிடத்துக்கு 3600 சுற்றுக்கு மேல் ஓட்டினால் பனி தூரமாகப் போகும், கனெக்டிங் ராடும் கூடவே போகும்.

பனி வெளியே பறக்கும் குழாயில் (chute) பனி அடைத்துக்கொண்டால்?

என்ஜினை அணைத்து, எல்லாம் நின்ற பிறகு, மெஷினோடு வரும் பிளாஸ்டிக் கோலால் குத்தி எடுங்கள். கை வேண்டாம், கையுறை போட்ட கையும் வேண்டாம். என்ஜின் நின்ற பிறகும் பெல்ட்டில் இழுவிசை இருந்தால், அடைப்பு விலகியதும் இம்பெல்லர் சட்டென்று ஒரு திருப்பு திரும்பும். விரல் போக அது போதும். கராஜ் கதவு திறந்துதான் இருக்கிறது என்று உள்ளேயே ஓடவிடுவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை.

இந்த வம்பே வேண்டாம் என்று பேட்டரி மெஷின் வாங்கிவிடலாமா?

இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே, நகர்ப்புறப் பனி என்றால் தாராளமாக. பஃபலோ மாதிரி ஒரே நாளில் இடுப்பளவு கொட்டும் ஊரில் இருந்தால் பெட்ரோல் மெஷினோடு இருங்கள். பேட்டரி மெஷினிலும் இதே கேள்வி வரும் என்பதை மறக்க வேண்டாம்: அந்தப் பேட்டரி வேறு எந்தக் கம்பெனி மெஷினிலும் பொருந்தாது. செய்தவர் தொழிலை விட்டால், மாட்டுவதற்கு 212 சிசி மாதிரி பொதுவான மாற்று ஒன்றும் கடையில் இருக்காது.